நண்டுக் கறியோடு பெண் பார்க்க வந்தவர்

நோர்வேக்காரர்கள் எங்கள் நாட்டுக்கு வந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நான் அவர்கள் நாட்டுக்குப் போய் என் தங்கையின் கையில் அகப்பட்டுக்கொண்டேன். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, ஆடி மாதம். வசந்திக்கு முதுகில் வருத்தம், குனிந்து நிமிர முடியவில்லை, ஒரு மாதம் கூட இருந்து உதவ ஆள் வேண்டும் என்று அவள் கணவர் குணம் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். குணம் பொய் சொன்னால் இருமுவார். அன்று நிறைய இருமினார். நோர்வேக் குளிராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆடி மாதத்தில் என்ன குளிர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஒஸ்லோ விமான நிலையத்தில் என் இருபத்தைந்து கிலோப் பெட்டியை வசந்தி ஒற்றைக் கையால் தூக்கிக் காரின் டிக்கிக்குள் போட்டாள்.

“முதுகு?” என்று கேட்டேன்.

“இண்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லை” என்றாள்.

குணம் இருமினார்.

அவர்கள் வீடு ரொம்சோஸில், மேட்டின் மேல் வட்டமாகக் கட்டிய மாடிக் குடியிருப்புகளில் ஒன்று. முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் நால்வர் தேநீர் குடிக்க வந்து, தேநீரைப் பார்க்காமல் என்னையே பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் காலை வசந்தி என்னைக் குளியலறையில் உட்கார வைத்து, கேட்காமல் கொள்ளாமல் தலைக்கு டை பூசினாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பொழுது போகாது, செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். முப்பது பிள்ளைகளின் களவை ஒரே பார்வையில் பிடிக்கிற கணித ஆசிரியை என்று எனக்கு வெள்ளவத்தையில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை விமானத்திலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கியிருக்கிறேன்.

நான்காம் நாள்தான் படகு.

“அக்கா, இது ஒரு சரித்திரத் தூர்” என்றார் குணம். தூர் என்றால் இங்கே பயணம். சந்திக் கடைக்கு நடந்து போவதும் தூர்தான், சந்திர மண்டலத்துக்குப் போவதும் தூர்தான். “பழைய கோட்டையெல்லாம் பாக்கலாம்.”

பழைய கோட்டை பார்க்க எதற்குக் கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை என்று கேட்டேன். “படம் எடுத்தா வடிவா இருக்கும்” என்றாள் வசந்தி. சேலைக்கு மேல் குணத்தின் மழை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். கோடையில் தண்டவாளம் திருத்துகிறார்களாம், ரயில் பாதி வழியில் எங்களை இறக்கிவிட்டது. மிச்சத் தூரத்துக்கு பஸ். பஸ் நிறையச் சனம், ஒரு சத்தம் இல்லை. எங்கள் ஊரில் ரயிலை இப்படி நடுவழியில் நிறுத்தினால் அரை மணி நேரத்தில் எல்லோரும் சொந்தக்காரர் ஆகியிருப்பார்கள்.

படகு பத்து மணிக்கு என்றால் பத்து மணிக்குத்தான். நாங்கள் துறைக்கு ஓடி வந்தபோது ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. முதுகு வருத்தக்காரி முன்னால் ஓடினாள். சேலை தடுக்கி நான் பின்னால். சாப்பாட்டுப் பையோடு குணம் கடைசியில். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த நோர்வேப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு முழங்கையில் பிடித்து ஏற்றிவிட்டாள்.

இதை ஆறு என்று சொல்வதா, கடல் என்று சொல்வதா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. இரண்டு பக்கமும் கரை, மரங்கள், சிவப்பு வீடுகள். தண்ணீர் ஆற்றைப்போலத்தான் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. பியோர்ட் என்கிறார்கள். கடல் நிலத்துக்குள் கையை நீட்டி எதையோ தேடுகிற இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

படகு திரும்பியதும் இடப்பக்கம் ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டை. எழுநூறு வருடப் பழசு என்று ஒலிபெருக்கி சொன்னது. எத்தனையோ முற்றுகை வந்தும் ஒருவரும் அதைச் சண்டையிட்டுப் பிடிக்கவில்லையாம். எங்கள் யாழ்ப்பாணக் கோட்டை சண்டையில் சல்லடையாய்க் கிடக்கிறது. இவர்களுடைய கோட்டை மதிலில் இரண்டு பேர் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். பொறாமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

அடுத்தது ஒரு தீவு. அங்கே இங்கிலாந்திலிருந்து வந்த துறவிகள் எண்ணூறு வருடங்களுக்கு முன்னர் கட்டிய மடத்தின் இடிபாடு இருக்கிறது. ஊரும் உறவும் வேண்டாம் என்று தீவாகப் பார்த்துப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கும் தங்கைகள் இருந்திருக்க வேண்டும்.

தீவைத் தாண்டியதும் குணத்துக்கு இருமல் வந்தது.

“அட, யோகராசா அண்ணை! நீங்களும் இந்தப் படகிலையோ!”

பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்ற பிள்ளைகூட இதைவிட நன்றாக நடிக்கும். படியால் ஏறி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். படகில் எல்லோரும் அரைக்காற்சட்டையும் தொப்பியுமாக இருக்க, அவர் கோட்டும் டையுமாக, துவாயில் சுற்றிய ஒரு சட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். பின்னால் ஜீன்ஸ் போட்ட ஒரு பெண், பத்தொன்பது வயதிருக்கும், காதில் பாட்டுக் கேட்கும் வயர். அவருடைய மகள் நிலானி. இருவரும் ஒஸ்லோவுக்குக் கிட்ட திராமன் என்ற நகரத்தில் இருக்கிறார்களாம்.

“ஜாக்கெட்டைக் கழட்டு அக்கா, வேர்க்குது” என்றாள் வசந்தி. எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அவளே பொத்தானைக் கழற்றி ஜாக்கெட்டை உருவி எடுத்தாள். பிறகு காதில் சொன்னாள், “மட்டக்களப்பு எண்டாலும் நல்ல மனிசன். மனிசி செத்து மூண்டு வருசம்.”

முதுகு வருத்தம், தேநீருக்கு வந்த நால்வர், தலைக்குப் பூசிய டை, பட்டுச்சேலை எல்லாம் ஒரே நொடியில் கூடி விடை வந்தது. கோட்டை பார்க்க வந்த என்னைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நாற்பத்தேழு வயதில்! நான் கலியாணம் செய்யாததற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. பார்த்தார்கள், சரிவரவில்லை, சண்டை வந்தது, ஊர் மாறினோம், பிறகு எனக்கே அந்த எண்ணம் விட்டுப்போனது. இப்போது என் அறை, என் பிள்ளைகள், என் ஞாயிற்றுக்கிழமை என்று நிம்மதியாக இருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் தங்கையைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். யாழ்ப்பாணத்தார் மற்ற ஊர்க்காரரைப் பற்றிச் சொல்கிற அந்த ‘எண்டாலும்’ வேறு அவர் காதில் விழுந்திருக்குமோ என்று வெட்கமாகவும் இருந்தது.

எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கோயிலிலோ கலியாண வீட்டிலோ தற்செயலாகச் சந்தித்ததுபோல் காட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் விசயம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. சரிவராவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று அவரவர் வீட்டுக்குப் போகலாம், ஒருவருக்கும் மானம் போகாது. கோயில் என்றால் திருநீற்றைப் பூசிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். படகில் எங்கே போவது? கால் மணி நேரம் வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு வெயில் இல்லாததைப் பற்றிப் பேசினோம்.

அப்போதுதான் நிலானி காதிலிருந்து வயரைக் கழற்றினாள்.

“அன்ரி, உங்களுக்கு அப்பாவைப் பிடிச்சிருக்கோ?”

குணத்துக்கு இருமல்கூட வரவில்லை.

“ஏன் எல்லாரும் பேசாமல் இருக்கிறியள்? அதுக்குத்தானே வந்தனாங்கள், இக்கே சண்ட்?” என்றாள். ‘அப்படித்தானே’ என்பதை நோர்வேயில் கேட்கிற விதம் அது. தமிழ்ப் பள்ளியில் பழகிய யாழ்ப்பாணத் தமிழும் நோர்வேப் பள்ளிக்கூடத்து நேர்மையும் அவளிடம் கலந்து கிடந்தன. வாய் திறக்கக் கூடாது என்ற அந்த ஒரு விதியை மட்டும் அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“புள்ள...” என்றார் யோகராசா. அவர் முகம் கழுத்து டையின் நிறத்துக்கு வந்திருந்தது. டை சிவப்பு.

நிலானி என்னைப் படகின் முன்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கைத்தொலைபேசியில் கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். கொழும்பு வேலையை விடுவீங்களோ? பனியிலை நடப்பீங்களோ? கோபம் வந்தா சத்தம் போடுவீங்களோ, கதைக்காமல் இருப்பீங்களோ? எத்தனையோ நேர்முகத் தேர்வுகளில் நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். இந்தப் பக்கம் இருந்து வியர்த்தது அன்றுதான்.

“கடைசிக் கேள்வி. சமைப்பீங்களோ?”

“ஏன் பிள்ளை, அப்பாவுக்குச் சமையல் தெரியாதோ?”

“முட்டை அவிக்கவும் தெரியாது. ஒருக்கால் தேத்தண்ணி போடப் போய் கேத்திலை எரிச்சவர். நான்தான் மூண்டு வருசமாச் சமைக்கிறன். எனக்கும் வராது அன்ரி. ஆனா ஆரோ ஒராள் செய்ய வேணும்தானே.” தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எனக்குத் துரொண்ட்ஹைமிலை இஞ்சினியரிங் கிடைச்சிருக்கு. ரயிலிலை ஏழு மணித்தியாலம். நாளைக்கு ஓம், இல்லை சொல்ல வேணும். நீங்கள் வந்தா நான் போவன். இல்லாட்டி வேண்டாம் எண்டு எழுதிவிடுவன்.”

எனக்கு இருந்த கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணிதத்தில் அவளுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டேன். சொன்னாள். இவ்வளவு கெட்டிக்காரி போகாமல் நிற்கப்போகிறாளே என்று எனக்கு இன்னும் கவலையாகிவிட்டது.

மத்தியானம் படகு ஒஸ்கார்ஸ்போர்க் என்ற கோட்டைத் தீவில் எங்களை இறக்கியது. பியோர்ட் அந்த இடத்தில் ஒடுங்கிப் போகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் ஜேர்மன்காரர் பெரிய போர்க்கப்பல் ஒன்றில் ஒஸ்லோவைப் பிடிக்க வந்தபோது, ஓய்வு பெறும் வயதிலிருந்த ஒரு தளபதியும் ஐம்பது வருடப் பழைய பீரங்கிகளும்தான் இங்கே காவல். பீரங்கிகள்கூட ஜேர்மனியில் செய்தவை. சுட்டார்கள். கரையிலிருந்து டோர்ப்பிடோவும் விட்டார்கள். கப்பல் இங்கேயே மூழ்கிப்போனது. அந்த இடைவெளியில் அரசர் குடும்பத்தோடு தப்பிவிட்டார். வயதுபோனவர்களை லேசில் ஒதுக்கக் கூடாது என்று வசந்தியைப் பார்த்துச் சொன்னேன். அவள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

பீரங்கிக்குப் பக்கத்துப் புல்வெளியில் சாப்பாடு. எங்களுக்கு அருகே ஒரு நோர்வேப் பெண்மணி மெழுகுத்தாளை விரித்து, பாண் துண்டின் மேல் மண்ணிறச் சீஸ் ஒரு சீவல் வைத்து, கத்தியால் ஒழுங்கு பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் யோகராசா சட்டியைத் திறந்தார்.

நண்டுக் கறி. மணம் பீரங்கியைச் சுற்றிக்கொண்டு போனது. அந்தப் பெண்மணி தன் சீஸைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், ஏதோ சொன்னார். “என்ரை பாண் அழப்போகுது எண்டு சொல்லுறா” என்று நிலானி மொழிபெயர்த்தாள். ஒரு கோப்பையில் நண்டுக்கால் இரண்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். போகும்போது, “இது திராமனிலை ஒரு அன்ரி செய்து குடுத்தது, அப்பா வாங்கிக்கொண்டு வந்தவர்” என்றாள்.

நான் சாப்பிட்டேன். மிளகும் பெருஞ்சீரகமும் அளவாக, தேங்காய் வறுத்து அரைத்த குழம்பு. கொழும்பில் இருபது வருடமாக நான் சமைக்கிறேன், இந்தக் கைப்பக்குவம் எனக்கு வந்ததில்லை. இதைச் செய்த அக்காவுக்குக் கையில் ஒரு வளையல் போடலாம் என்றேன். யோகராசா குனிந்து தன் சோற்றைப் பிசைந்தார்.

“முருங்கையிலையையும் நண்டோடை சேர்த்து அவிச்சிருக்கினம் போலை” என்றாள் வசந்தி.

“இல்ல, இல்ல” என்றார் யோகராசா. “அடுப்ப நிப்பாட்டிப்போட்டு, மூடியத் திறந்து, இலைய உருவிப் போட்டு, மறுகா மூடி வைக்கணும். அவிச்சா கைச்சிரும்.”

சொல்லி முடித்துவிட்டு, அந்த நோர்வேப் பெண்மணியோடு இன்னும் கதைத்துக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். பரீட்சை மண்டபத்தில் அடுத்தவன் தாளை எட்டிப் பார்த்த பிள்ளை சட்டென்று கூரையைப் பார்க்கும். விமானத்தில் விட்டுவிட்டு வந்த என் பெயர் அந்த நொடியில் திரும்பி வந்து சேர்ந்தது.

சாப்பாடு முடிந்ததும் வசந்திக்கு முதுகு வலித்தது. நானும் யோகராசாவும் போய்ப் பீரங்கிகளைப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம், குணம் அவளுக்குத் துணையிருப்பாராம். போனோம். ஒரு பீரங்கியைச் சுற்றி முடித்தோம்.

“கறியை எங்கை வைச்சுச் சமைச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. “சினேகிதன்ட வீட்டில, ரீச்சர். விடிய அஞ்சு மணிக்கு.”

“எப்ப பழகினது?”

“வந்த புதுசில. வடக்கால மீன் ஃபக்டரி, ஒரு வீட்டில ஒம்பது பெடியன்கள். ஒரு கிழமை முறை வைச்சுச் சமைச்சம். மறுகா எல்லாரும் சேர்ந்து என்னையே சமைக்கச் சொல்லிட்டானுகள். கலியாணம் முடிச்ச பிறகு மனிசி என்னக் குசினிக்குள்ள விடல்ல.”

“பிறகு ஏன் இந்தப் பிள்ளைக்குப் பொய்?”

டையைத் தளர்த்தினார். “மனிசி போய் ஒரு கிழமை, இவ அறையை விட்டு வரவே இல்ல. எட்டாம் நாள் வந்து, அப்பா, உங்களுக்குச் சமைக்கத் தெரியாதுதானே, நான் செய்றன் எண்டா. தெரியும் எண்டு சொன்னா திரும்ப அறைக்குள்ள போயிருவா. இல்ல புள்ள, தெரியாது எண்டன். குசினிக்குள்ள நிக்கக்குள்ளதான் என்னோட கதைப்பா. உப்பு எங்க, பள்ளிக்கூடத்தில இன்னது நடந்த, இன்னார் இப்படிச் சொன்ன எண்டு. கேத்திலையும் வேணும் எண்டுதான் எரிச்ச. பிறகு உண்மையச் சொல்ல நேரம் தப்பிப் போயிட்டு.”

பீரங்கிக்குள் எட்டிப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஆசிரியையாகத் திரும்பினேன். அந்தப் பிள்ளை நாளைக்குத் துரொண்ட்ஹைமை வேண்டாம் என்று எழுதப்போகிறாள், அது அவருக்குத் தெரியுமோ என்று கேட்டேன். தெரியாது. போகத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அவள் சந்தோசத்துக்காகத்தான் கோட்டும் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாராம்.

“அப்ப நான் நேராச் சொல்லுறன். எனக்குக் கலியாணம் வேண்டாம்” என்றேன்.

“பெரிய உபகாரம் ரீச்சர்” என்றார். அவ்வளவு அவசரமாக அவர் சந்தோசப்பட்டிருக்க வேண்டாம். என் சேலைக்காவது கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம்.

“படகு ஒஸ்லோவிலை கட்ட முதல் நீங்கள் பிள்ளைக்குச் சொல்ல வேணும். இல்லாட்டி நான் சொல்லுவன்.”

திரும்பும் வழியில் யோகராசா வெளிச்சவீட்டைக் காட்டினார். கடற்பறவையைக் காட்டினார். மட்டக்களப்பு வாவியில் தோணி விட்ட கதையைக் குணத்துக்கு இரண்டு தடவை சொன்னார். துறவிகளின் தீவு வந்தது, போனது. கோட்டை தெரிந்தது. கயிற்றுக்காரப் பெண் கையுறையை மாட்டினாள். நான் எழுந்து நின்றேன். அவர் பயந்துபோய் மகளின் பக்கம் திரும்பினார்.

“புள்ள, அந்த நண்டுக் கறி நான் வைச்ச. எனக்கு எல்லாச் சமையலும் தெரியும். நீ பிறக்க முந்தியே தெரியும்.”

நிலானிக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மீன் தொழிற்சாலை, ஒன்பது பேர், கேத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். வசந்தி வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் என்னை எதற்காகக் கொழும்பிலிருந்து வரவழைத்தாளோ அந்தக் காரணம் அவள் கண் முன்னால் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

“மூண்டு வருசமாப் பொய்” என்றாள் நிலானி. அறைந்துவிடுவாளோ என்றுகூட நினைத்தேன்.

“ஓம் புள்ள.”

“முதல் முதல் நான் வைச்ச பருப்புக்கு உப்பெண்டு சீனியைப் போட்டனான்.”

“தெரியும்.”

“ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்கள்!”

“ஓம்.”

படகு துறையில் முட்டிக் குலுங்கியது. அவள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவருடைய டையையும் பிடித்துக்கொண்டாள். அழுதாள். சிரித்தாள் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒரே முகத்தில்தான் நடந்தன. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், “நாளைக்கு நான் துரொண்ட்ஹைமுக்கு ஓம் எண்டு எழுதப்போறன். நீங்கள் இனி உங்களுக்குப் பிடிச்சதைச் சமைச்சுச் சாப்பிடுங்கோ.”

யோகராசா வெறும் சட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பிடிச்சதைத்தான் புள்ள இவ்வளவு நாளும் சாப்பிட்ட” என்றார்.